குழாய் எங்கே வெடிக்கிறது?

1784ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் நகரில், பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ் ஒரு சோதனையில் இறங்கினார். உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளை எடுத்தார். அவற்றில் தண்ணீர் நிரப்பி, வாயில் இரும்பு அடைப்பை அடித்து இறுக்கி, இரவுக் குளிரில் வெளியே வைத்தார். சில குண்டுகளில் அடைப்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. ஒன்று ஏறக்குறைய 400 அடி தள்ளிப் போய் விழுந்தது. அடைப்பு அசையாமல் நின்ற குண்டில் இரும்புச் சுவரே பிளந்து, பிளவின் வழியே பனிக்கட்டி விளிம்பாகப் பிதுங்கி நின்றது. அடுத்த குளிர்காலத்திலும் அவர் சோதனையைத் தொடர்ந்தார். முடிவுகள் எடின்பரோ ராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில் வெளியாயின.

பீரங்கிக் குண்டையே பிளக்கும் தண்ணீர், கைவிரல் பருமனுள்ள செம்புக் குழாயை விட்டுவைக்குமா? கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஐம்பது, எண்பது, நூறு ஆண்டு வயதான வீடுகளில் வாழ்பவர்கள் டிசம்பர் பிறந்ததும் இந்தக் கேள்வியோடுதான் படுக்கப் போகிறார்கள். ஆனால் குழாய் உடைவதைப் பற்றிப் பலரும் மனத்தில் வைத்திருக்கும் விளக்கம் பாதிதான் சரி. அந்தப் பாதி விளக்கத்தை நம்பிச் செய்யும் பராமரிப்பும் பாதியில்தான் நிற்கிறது.

தெரிந்த பாதி இது. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை அப்படியே சுருங்குகிறது. அதற்குக் கீழே போனால் மெல்ல விரியத் தொடங்குகிறது. உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு அறுகோண அடுக்காக நிற்கின்றன. அந்த அடுக்கில் வெற்றிடம் அதிகம். அதனால் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதும் இதனால்தான்.

இதைக் கேட்டவுடன், உறைந்த இடத்தில் பனிக்கட்டி பக்கவாட்டில் நெட்டித் தள்ளிக் குழாயைப் பிளக்கிறது என்று தோன்றும். ஆனால் குழாய் ஒன்றும் மூடிய குண்டு இல்லை. அது நீளமானது, ஒரு பக்கம் தெருக்குழாயோடு இணைந்து திறந்தே இருக்கிறது. நடுவில் பனிக்கட்டி உருவானால் அது தன் முன்னாலுள்ள தண்ணீரைத் தெருப்பக்கமாகத் தள்ளிவிட்டு வளரலாம். இடம் கிடைக்கும் வரை யாருக்கும் ஆபத்தில்லை. குழாயின் குறுக்கே பனிக்கட்டி முழுதாக அடைத்துக்கொண்ட பிறகுதான் கதை மாறுகிறது. அடைப்புக்கும் மூடியிருக்கும் குழாய்வாய்க்கும் இடையே கொஞ்சம் தண்ணீர் சிறைப்படுகிறது. அடைப்பு மேலும் வளர வளர, போக்கிடம் இல்லாத அந்தத் தண்ணீர் நெரிபடுகிறது. தண்ணீரோ எளிதில் அமுங்காதது. அதன் பருமனை ஒரே ஒரு சதவீதம் குறைக்கவே வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் வேண்டும். வீட்டுக் குழாயில் வழக்கமாக இருப்பது மூன்று முதல் ஐந்து மடங்குதான். அழுத்தம் சில நூறு மடங்கை எட்டும்போது செம்பு உப்புகிறது, பிறகு கிழிகிறது.

ஆகவே குழாய் பெரும்பாலும் உறைந்த இடத்தில் வெடிப்பதில்லை. பனியே படாத, கதகதப்பான சமையலறைச் சுவருக்குள் வெடிக்கலாம். உறைந்த இடத்துக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் எது பலவீனமோ அங்கே பிளக்கிறது. பழைய வீட்டில் பலவீனமான இடங்களுக்குப் பஞ்சமில்லை: ஆண்டுக்கணக்கில் தேய்ந்த முழங்கை இணைப்பு, யாரோ அவசரத்தில் பற்றவைத்த மூட்டு, துருவேறிய மரை.

கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டவிடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. ஓடும் நீர் உறையாது என்பது அதில் ஒரு பகுதி. தெருவிலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான நீர் உறைவதைத் தாமதப்படுத்துவது உண்மைதான். அதைவிடப் பெரிய பயன் அழுத்தத்துக்கு வாசல் திறந்து வைப்பது. குழாய் உறைந்தே போனாலும், வாய் திறந்திருந்தால் நெரிபடும் தண்ணீர் வெளியே வந்துவிடும், உலோகம் பிழைக்கும். சொட்டு நின்றுவிட்டதே என்று குழாயை மூடிவிடுபவர், அந்த நேரத்தில் மூடக்கூடாத ஒரே வாசலை மூடுகிறார்.

பனிக்கட்டி எப்படி அடைக்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். ஆர். கில்பின். அவரது ஆய்வு 1977இல் வெளியானது. குழாயில் ஆடாமல் அசையாமல் நிற்கும் தண்ணீர் 0 டிகிரியை எட்டியதும் உடனே உறைவதில்லை. அதற்குக் கீழேயும் சில டிகிரி இறங்கித் திரவமாகவே நிற்கிறது. இதை மிகைக்குளிர்வு என்கிறார்கள். பிறகு ஏதோ ஒரு புள்ளியில் உறைதல் தொடங்கும். அந்தக் கணமே மெல்லிய பனிக் கிளைகள் குழாயின் குறுக்கே பாய்ந்து பரவும். 5 டிகிரி மிகைக்குளிர்ந்த நீரில் அப்போது உண்மையில் உறைவது ஏறத்தாழ 6 சதவீதம்தான். அதுவே போதும். குழாய்க்குள் தேங்காய்நார்ப் பந்தைத் திணித்தது போல ஓட்டம் அடைபட்டுவிடுகிறது. சுவரிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக உறைந்து அடைக்க எடுக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கிலேயே இது நடந்துவிடும்.

இன்னொரு புதிர் இதனால் தெளிகிறது. ஒரே வீட்டில் குளிர்நீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாய் அடிக்கடி வெடிக்கிறது என்று பிளம்பர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். கேட்டவர்கள் நம்பவில்லை. 1916இல் அமெரிக்க இயற்பியலாளர் எஃப். சி. பிரவுன் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழில் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். காய்ச்சிய நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. அத்தகைய நீர் உறையுமுன் இன்னும் கீழே மிகைக்குளிர்கிறது. உறையத் தொடங்கியதும் சட்டென்று அடைத்துக்கொள்கிறது என்பது அவர் முன்வைத்த விளக்கம். கைத்தொழிலாளர்களின் அனுபவ அறிவை ஓர் இயற்பியல் இதழ் மதித்து ஆராய்ந்தது பாராட்டத்தக்கது. இன்றைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று அதில் இருக்கிறது: சொட்டவிடும்போது குளிர்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதாது, வெந்நீர்ப் பக்கத்தையும் திறக்க வேண்டும்.

எத்தனை டிகிரியில் கவலைப்பட வேண்டும்? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுக் குழு 1990களில் பரணில் குழாய்களைப் பதித்துச் சோதித்தது. வெளி வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி செல்சியஸைத் தொடும்போது எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பது அதன் முடிவு. இந்த அளவு, வெப்பக்காப்பு இல்லாத, சூடேற்றாத பரணில் ஓடும் குழாய்களுக்கானது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் கடுங்குளிர் தாக்கி மின்சாரமும் போனபோது பரண்களிலும் வெளிச்சுவர்களிலும் இருந்த குழாய்கள் வரிசையாக வெடித்தன. மைனஸ் 30 வரை போகும் கனடாவின் வினிபெக்கில் இத்தனை வீடுகள் ஒரே வாரத்தில் நனைவதில்லை. அங்கே குழாய்கள் வீட்டின் உட்புறச் சுவர்களில், சூடு சூழ்ந்த இடத்தில் ஓடுகின்றன. குளிரின் அளவைவிடக் குழாயின் இருப்பிடமே முடிவைத் தீர்மானிக்கிறது.

பழைய வீடுகளில் சிக்கல் தொடங்குவதும் இந்த இருப்பிடத்தில்தான். நூறு ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் முதலில் குழாயே இருந்திராது. பின்னால் வந்தவர் குளியலறையைச் சேர்த்தார், அதற்குப் பின் வந்தவர் சமையலறையைப் பின்புறம் நீட்டினார். எந்தச் சுவரில் இடம் கிடைத்ததோ அதில் குழாயை ஏற்றினார்கள். அது வெளிச்சுவரா என்று பலர் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் வெகுகாலம் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் நிலவறையில் ஒரு பெரிய நிலக்கரி உலை எரிந்துகொண்டிருந்தது. அதன் வெப்பத்தில் கணிசமான பங்கு சுற்றியிருந்த சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் வீணாகக் கசிந்தது. அந்தக் கசிவுதான் குழாய்களைக் காத்தது.

பிறகு வந்தது சீர்திருத்தம். எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் புதிய உலை வந்தது; வெப்பம் வீணாவது நின்றது. தரைக்கடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு மட்டும் உயரமுள்ள வெற்றிடத்தின் கூரையில் வெப்பக்காப்பு அடைத்தார்கள். மேலே அறை இதமானது, கீழே வெற்றிடம் முன்னைவிடக் குளிர்ந்தது. அறுபது ஆண்டுகள் உறையாத குழாய், வீட்டை நவீனமாக்கிய அடுத்த குளிர்காலத்தில் உறைகிறது. வீட்டுக்காரருக்குப் புரிவதில்லை. பழைய வீட்டில் வெப்பத்தின் பாதையை மாற்றினால் தண்ணீரின் பாதையையும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். இந்த அத்தியாயம் வாசகரிடம் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும்.

வெப்பக்காப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. நுரைரப்பர் உறை குழாய்க்குச் சூடு தருவதில்லை. இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். இரவு முழுதும் அசையாமல் நிற்கும் அரை அங்குலக் குழாயில் சேமித்துவைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிச்சுவரில் ஓடும் குழாய்க்கு உறையைவிட முக்கியம் காப்புப்பொருளை எந்தப் பக்கம் வைப்பது என்பது. குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் இடையே அடைக்க வேண்டும்; அறைப்பக்கத்தை முடிந்தவரை திறந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் இறுக அடைத்தவர் அறையின் சூடு குழாயை அடையாதபடி செய்துவிட்டார். குளிர் இரவுகளில் சமையலறைத் தொட்டியின் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

அதைவிடவும் கொடியது காற்று. கேபிள் கம்பி நுழைக்கச் சுவரில் யாரோ போட்ட விரல் பருமன் துளை, அடித்தளக் கல்லுக்கும் மர உத்தரத்துக்கும் நடுவே சாந்து உதிர்ந்த இடைவெளி, இவற்றின் வழியே மைனஸ் 20 டிகிரிக் காற்று நேராகக் குழாயின் மேல் வீசும்போது, அந்த ஒரு சாண் நீளத்தில் அடைப்பு உருவாகிறது. நிலவறை மொத்தமும் கதகதப்பாக இருந்தாலும் பயனில்லை. இலையுதிர்காலத்தில் காற்று வீசும் ஒரு நாள் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு நிலவறைச் சுவரோரம் நடந்தால், புகை வளையும் இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம். பழைய வீட்டில் ஒரு டாலருக்கு அதிகப் பலன் தரும் பழுதுபார்ப்பு இதுதான். மின்வெப்ப நாடாவைக் குழாயில் சுற்றுவது கடைசி வழி. சுற்றும்போது நாடாவின் மேல் நாடா ஏறினால் அந்த இடம் அளவுமீறிச் சூடாகித் தீப்பிடிக்கலாம்.

தோட்டக் குழாய்க்குத் தனிக் கவனம் தேவை. குளிர்நாடுகளில் விற்கப்படும் உறையாக் குழாய்வாயில் திருகு வெளியே இருக்கும். தண்ணீரை அடைக்கும் வாஷரோ ஒரு நீண்ட தண்டின் முனையில், சுவருக்கு உள்ளே சூடான இடத்தில் இருக்கும். மூடியதும் வெளிப்பகுதியில் உள்ள நீர் வடிந்துவிடும். ரப்பர்க் குழாயைக் கழற்றாமல் விட்டுவிட்டால் வடிய வழியில்லை. நீர் உள்ளேயே நின்று உறைந்து தண்டுக்குழாயைப் பிளக்கிறது. அது வசந்தம் வரை தெரியாது. மே மாதம் செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போது சுவருக்குள் ஊற்றெடுக்கிறது.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் குழாய் வறண்டுபோவதுண்டு. 2014இல் வினிபெக் நகரம் அதைத் தெரிந்துகொண்டது. அந்தக் குளிர்காலத்தில் மண்ணின் உறைவு 2 மீட்டருக்கும் கீழே இறங்கித் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. உறையும் அபாயமுள்ள வீடுகளுக்கு நகராட்சி கடிதம் அனுப்பி, பென்சில் பருமனுக்குத் தண்ணீரை இரவு பகலாக ஓடவிடச் சொன்னது. மக்களைத் திகைக்கவைத்தது காலம்தான். வெளியே பனி உருகி, வெயில் அடித்த பிறகும் மேலும் மேலும் வீடுகளின் இணைப்புகள் உறைந்துகொண்டே இருந்தன. மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதே இதற்குக் காரணம். ஜனவரியின் குளிர் 2 மீட்டர் ஆழத்தை எட்ட ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிறது. மார்ச் வெயிலில் மேலே நடக்கும்போது, கீழே ஜனவரி இறங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் கிடக்கும் பனி மண்ணுக்குப் போர்வையாகிறது. தெருவிலோ பனியை வழித்துவிடுவதால் அங்கே உறைவு இன்னும் ஆழமாகப் போகிறது.

அப்படி உறைந்த உலோக இணைப்பை உருக்க ஒரு பழைய வழி உண்டு. குழாயின் இரு முனையிலும் கம்பியை மாட்டி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் உலோகம் சூடாகும். வேலை செய்யும், ஆனால் மின்னோட்டம் வேறு பாதை கண்டுபிடித்துப் பக்கத்து வீட்டுக்குள்ளும் போகக்கூடும், தீ விபத்துகளும் நடந்திருக்கின்றன. மெல்லிய குழலை உள்ளே செலுத்தி வெந்நீர் பீய்ச்சும் முறையே பாதுகாப்பானது. பிளாஸ்டிக் இணைப்புக்கு அது ஒன்றே வழி.

மின்சாரம் என்றதும் இன்னொரு ஆபத்து. வட அமெரிக்காவின் பழைய வீடுகளில் மின் அமைப்பின் எர்த் கம்பியை மண்ணுக்குள் போகும் உலோகத் தண்ணீர்க் குழாயோடுதான் இணைத்திருப்பார்கள். அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் தண்ணீர் வரும், எர்த் போய்விடும். எல்லா விளக்கும் எரியும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிளம்பர் வந்து போன பிறகு மின்பணியாளர் ஒருவர் மண்ணில் எர்த் கம்பி அடித்தாக வேண்டும்.

அந்தக் குழாய் என்ன உலோகம் என்பது அடுத்த கேள்வி. ஈயம் வளைக்க எளிது, மண் அசைந்தாலும் உடையாது, நெடுங்காலம் உழைக்கும். கனடாவின் தேசியக் குழாய்ப்பணி விதிகள் 1975 வரை ஈயக் குழாயையும் 1986 வரை ஈயப் பற்றாசையும் அனுமதித்தன. சிகாகோவிலோ 1986இல் மத்திய அரசு தடைசெய்யும் வரை தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு ஈயமாகவே இருக்க வேண்டும் என்று நகர விதியே கட்டாயப்படுத்தியது. ஏறத்தாழ 4 லட்சம் ஈய இணைப்புகள் அந்த ஒரு நகரத்தின் மண்ணுக்குள் கிடந்தன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கனடா குடிநீரில் அனுமதிக்கும் உச்ச அளவை 2019இல் லிட்டருக்கு 0.005 மில்லிகிராமாகக் குறைத்தது.

டொராண்டோவில் 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில் ஈய இணைப்பு இருக்கலாம் என்று மாநகராட்சி எச்சரிக்கிறது. அந்த நகரின் ஸ்காபரோ பகுதியில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பங்களா வீடுகளை வாங்கிக் குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கும் இது தொடர்புடைய செய்தி. சோதிப்பது எளிது. நிலவறைக்குள் குழாய் நுழையும் இடத்தில், முதல் வால்வுக்கு முன்பாக, சாவியால் லேசாகச் சுரண்ட வேண்டும். ஈயம் மென்மையானது, சுரண்டிய இடம் வெள்ளியாய் மினுங்கும், காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதாவது ஜி.ஐ. குழாய். செப்புக்காசு நிறம் தெரிந்தால் செம்பு.

2014 முதல் டொராண்டோ தன் குடிநீரில் பாஸ்பேட் சேர்க்கிறது. அது ஈயக் குழாயின் உட்சுவரில் கரையாத மெல்லிய படலமாகப் படிந்து ஈயம் நீரில் கலப்பதைக் குறைக்கிறது. அத்தகைய காப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் காட்டியது. செலவைக் குறைக்க நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள், அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் வீடுகளுக்குள் வந்தது. பாதிக் குழாயை மட்டும் மாற்றுவதும் இதே வகைத் தவறு. தெருப்பக்கம் புதுச் செம்பும் வீட்டுப்பக்கம் பழைய ஈயமும் என்று விட்டால், அசைவில் படலம் உதிர்ந்தும் இரு உலோகங்கள் தொட்டுக்கொள்வதால் அரிப்பு கூடியும் சில காலம் ஈயம் முன்னைவிட அதிகமாக வரக்கூடும். மாற்றினால் முழுதாக மாற்ற வேண்டும். அதுவரை சமையலுக்குக் குளிர்நீர்ப் பக்கத்து நீரை மட்டும், சிறிது ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். வெந்நீர்க் குழாயில் பிடித்த நீரில் ஈயம் கூடுதலாகக் கரைந்திருக்கும். காய்ச்சுவதால் ஈயம் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

ஜி.ஐ. குழாயின் நோய் வேறு. மேலே பூசிய துத்தநாகம் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் தீர்ந்ததும் உள்ளே துருக் கட்டிகள் வளரும். வெளியே பார்த்தால் குழாய் முழுதாக இருக்கும். உள்விட்டம் பாதியாகச் சுருங்கியிருக்கும். விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று நினைத்தால் தப்பு. அதே அழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வரும். மாடியில் குளிக்கும்போது கீழே யாரோ பாத்திரம் கழுவினால் நீர் நின்றுபோவது இதனால்தான். முன்னே ஈய இணைப்பு இருந்த வீட்டில் இந்தத் துரு ஈயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈய இணைப்பை எடுத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக விடும். ஒழுகும் ஒரு துண்டை வெட்டிச் செம்பை நேரடியாக மாட்டுவது அடுத்த ஒழுகலுக்கு நாள் குறிப்பதற்குச் சமம். இரு உலோகங்களும் நீரும் சேர்ந்தால் மின்கலம் உருவாகி இரும்பு அரிக்கப்படும். நடுவில் மின்கடத்தாத இணைப்பு வேண்டும்.

இன்று பழைய வீடுகளில் பெரும்பாலும் போடப்படுவது பெக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் குழாய். உறைந்தால் சற்று உப்பிக்கொடுத்துப் பெரும்பாலும் பிழைத்துவிடும். அதன் உலோக இணைப்புகளுக்கு அந்த நெகிழ்வு இல்லை. வளைத்து வளைத்துக் கொண்டுபோகலாம் என்பதால் சுவரை அதிகம் உடைக்க வேண்டியதில்லை என்பது பழைய வீட்டுக்காரருக்குப் பெரிய ஆறுதல்.

கழிவுநீர்ப் பக்கம் வருவோம். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் வழிவந்ததுதான் இன்றும் ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே நீர்ப்பூட்டாக நின்று சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. அந்தப் பூட்டு உறிஞ்சப்படாமலிருக்கக் கூரைக்கு மேலே ஒரு காற்றுக்குழாய் போகிறது. கடுங்குளிரில் சாக்கடையின் ஈரக்காற்று அதன் வாயில் உறைந்து வளையம் வளையமாக அடைத்துவிடும். தொட்டி களகளவென்று ஒலித்து மெதுவாக வடிந்தால், வீட்டில் நாற்றம் வந்தால், அடைப்பு கீழே இல்லாமல் கூரையில் இருக்கலாம். கூரையைத் துளைக்கும் முன் குழாயை 75 மில்லிமீட்டர் அளவுக்குப் பருக்கவைத்து, பரணுக்குள் அதைச் சுற்றிக் காப்பிடுவதே மருந்து. பனிபடர்ந்த கூரையில் ஏறி வெந்நீர் ஊற்ற முயல்வது உயிருக்கு உலை.

செங்குத்தாக நிற்கும் பழைய வார்ப்பிரும்புக் கழிவுக்குழாயில் ஒரு துண்டை அறுக்கும் முன் மேல்பகுதியை உத்தரங்களோடு பிணைத்துத் தாங்க வேண்டும். அதன் எடை நூற்றுக்கணக்கான கிலோ இருக்கலாம். தார்ச்சணலும் உருக்கிய ஈயமும் ஊற்றி அடைத்த மூட்டுகளின் மேல்தான் அத்தனை பாரமும் நிற்கிறது. வீட்டுக்காரர் தானே செய்து பார்க்கக்கூடாத வேலைகளில் இது முதன்மையானது.

எல்லாம் மீறிக் குழாய் உறைந்துவிட்டால் முதலில் குழாய்வாயைத் திறக்க வேண்டும். பிறகு தலைமயிர் உலர்த்தும் கருவியால் குழாய்வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிச் சூடேற்ற வேண்டும். உருகும் நீரும் ஆவியும் வெளியேற வழி இருக்கும். தீச்சுடர் காட்டக்கூடாது. காய்ந்த மரச்சட்டங்களுக்கு நடுவே ஓடும் குழாயில் சுடர் காட்டி வீட்டையே இழந்தவர்கள் உண்டு. ஒன்றை மறக்கக்கூடாது: குழாய் பிளப்பது உறையும்போது, வெள்ளம் வருவது உருகும்போது. பனிக்கட்டியே தற்காலிக அடைப்பாக நிற்பதால் குளிர் இருக்கும் வரை ஒழுகல் பெரிதாகத் தெரியாது. இதமான வெயில் அடிக்கும் நாளில், வீட்டில் யாரும் இல்லாதபோது, நீர் கொட்டத் தொடங்கும்.

குளிர்காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் வெப்பநிலையை 13 டிகிரிக்குக் கீழே இறக்கக்கூடாது. அதைவிட நம்பகமானது முதன்மை வால்வை மூடி, மேல்மாடிக் குழாயையும் நிலவறைக் குழாயையும் திறந்து, அமைப்பை வடித்துவிடுவது. உலை அணைந்துபோனாலும் அப்போது வெடிக்க ஒன்றும் இருக்காது. வீட்டை மாதக்கணக்கில் சூடில்லாமல் விடுவதானால் வளைகுழாய்களில் நிற்கும் நீர் உறையாமலிருக்க அவற்றில் புரொப்பிலீன் கிளைகால் ஊற்றலாம். கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு, அதை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது.

பழைய வீடுகளில் முதன்மை வால்வு பெரும்பாலும் சக்கரக் கைப்பிடி கொண்ட கேட் வால்வு. முப்பது ஆண்டு தொடாமல் விட்டால் அது இறுகிப்போகும். அவசரத்தில் முறுக்கினால் தண்டு கையோடு வந்துவிடும். கால்சுற்றில் மூடும் பால் வால்வாக அதை மாற்றச் சில மணி நேர வேலைதான். குளிர்நாட்டில் பழைய வீட்டில் வாழும் வாசகர்களே, நவம்பர் முடிவதற்குள் நிலவறைக்கு இறங்கி அந்த வால்வைத் தேடுங்கள். மெல்ல மூடித் திறந்து பாருங்கள். அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி, வீட்டில் உள்ள பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவருக்கும் அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டிவையுங்கள்.